வெங்காய மூட்டையைத் தாண்டி வாருங்கள், தேரிக்குப் போகிறோம்!

சத்தம் போடாமல் வாருங்கள். செருப்பை வாசலிலேயே விட்டுவிடுங்கள். அந்தப் பெரிய அண்டாவைச் சுற்றி, வெங்காய மூட்டையை மிதிக்காமல், தொங்குகிற வாழைத்தாரில் தலை இடிக்காமல் இடப்பக்கமாக நுழைந்தால் ஒரு முற்றம். அங்கேதான் நிற்கிறோம். சென்னை ராயப்பேட்டை மணிக்கூண்டிலிருந்து ஐந்து நிமிட நடை. 2025 ஏப்ரல் 9, புதன்கிழமை, மாலை 5 மணி. இன்னும் நாலரை மணி நேரத்தில் இங்கிருந்து ஒரு வேன் கிளம்பப்போகிறது. உள்ளே 19 பேர். அவர்கள் இரண்டு நாள் தின்று, குடித்து, குளித்து, படுத்து எழுவதற்கான அத்தனையும் அதே வேனில். சுமார் 650 கிலோமீட்டர் ஓடி, தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிக்காட்டில், செக்கச்சிவந்த மணல்மேட்டில், தார்ப்பாய்க் கொட்டகை போட்டுத் தங்கப்போகிறார்கள். வெள்ளிக்கிழமை பங்குனி உத்திரம். குலதெய்வம் அய்யனாருக்குப் பொங்கல்.

நானும் போகிறேன்! இதைச் சொல்லும்போதே எனக்கு உள்ளங்கால் குறுகுறுக்கிறது.

பதினான்கு வருடமாக அண்ணாச்சியின் மளிகைக்கடையில்தான் எங்கள் வீட்டுக்குச் சாமான். வருடா வருடம் பங்குனியில் ஷட்டரில் ஓர் அட்டை தொங்கும்: 'குலதெய்வம் கோயிலுக்குச் செல்வதால் 3 நாள் கடை விடுமுறை.' நாலாம் நாள் காலையில் அண்ணாச்சி வாடிக்கையாளர்கள் கையில் ஆளுக்கொரு துண்டு கருப்பட்டி வைப்பார். அந்த அட்டைக்கும் இந்தக் கருப்பட்டிக்கும் நடுவில் என்னதான் நடக்கிறது என்று நான் கேட்காத வருடம் இல்லை. இந்த முறை அண்ணாச்சியே சொல்லிவிட்டார்: “பேசாம நீங்களும் வண்டியில ஏறிக்கிடுங்க தங்கச்சி. ஒரு சீட்டு கெடக்கு.”

முற்றத்தின் நடுவே நீளமான கணக்கு நோட்டு ஒன்று விரிந்து கிடக்கிறது. இந்தப் பயணத்துக்கென்றே இருக்கிற நோட்டு. அரிசி, பருப்பு, வெல்லம், நெய், 20 லிட்டர் தண்ணீர் கேன், தார்ப்பாய், நைலான் கயிறு, ஜமுக்காளம், எமர்ஜென்சி லைட், அரிவாள், கோலமாவு, கற்பூரம் என்று பக்கம் பக்கமாகப் போகிறது. எனக்கு மிகவும் பிடித்தது கடைசிப் பக்கம்தான். அதன் தலைப்பு 'மறந்தவை'. ஒவ்வொரு வருடமும் எதை மறந்து அல்லாடினார்களோ அது அங்கே ஏறியிருக்கிறது. கரண்டி. ஊசி நூல். வீட்டுப் பெரிய மனுஷி ஆச்சியின் இன்னொரு கண்ணாடி. அதற்குக் கீழே பெரிய எழுத்தில், இரண்டு முறை அடிக்கோடு போட்டு, தீப்பெட்டி. “மளிகைக்கடைக்காரன் வீட்டு வண்டியில தீப்பெட்டி இல்ல பாத்துக்கிடுங்க! பக்கத்துக் கொட்டகையில போய்க் கடன் கேட்டேன்” என்று அண்ணாச்சி சொல்ல, சமையல்கட்டிலிருந்து அவர் மனைவி, மதினி, சிரிப்பது கேட்கிறது. இந்த வருடம் தீப்பெட்டி ஒரு பண்டலாகவே வைத்தாயிற்று.

சிரிப்பு வந்த பக்கம் போகலாம். மெதுவாக, தரையெல்லாம் எண்ணெய். மதினியும் அண்ணாச்சியின் தங்கையும் அண்டை வீட்டு அக்காவும் வேர்த்துக் கொட்டிக்கொண்டு நிற்கிறார்கள். வாழையிலைகளைப் பரப்பி, ஆவி பறக்கும் சோற்றைக் கொட்டி, மேலே மின்விசிறி. ஒரு பக்கம் புளிக்காய்ச்சல் நல்லெண்ணெய் மிதக்க மிதக்கக் கொதிக்கிறது. பெருங்காய வாசம் மாடிப்படி ஏறி மூன்றாவது வீடு வரைக்கும் போகிறது. கிளறியதும் மதினி ஒரு கவளம் உருட்டி என் வாயில் வைத்தார். “உப்பு எப்டி இருக்கு? உள்ளத சொல்லுங்க. ராத்திரி வண்டியில திங்கும்போது கூடக் கொஞ்சம் உறைப்பு வேணும்.” அந்த ருசியை எப்படிச் சொல்வேன்! வீட்டில் தட்டில் போட்டுச் சாப்பிடுகிற புளிசாதத்துக்கு வராத ஒரு ருசி கட்டுச்சோற்றுக்கு உண்டு. அது எங்கிருந்து வருகிறது என்பதை இன்று கண்ணால் பார்த்துவிட்டேன். இன்னொரு மூலையில் இரண்டு பெண்பிள்ளைகள் இட்லி ஒவ்வொன்றின் இரண்டு பக்கமும் மிளகாய்ப்பொடி தடவி, இலையில் ஆறு ஆறாக மடிக்கிறார்கள். மொத்தம் 150. எண்ணுகிற பெண் எழுபதில் தும்மினாள். மிளகாய்ப்பொடி! திரும்ப ஒன்றிலிருந்து.

இதற்கிடையே முற்றத்தில் ஒரு நட்பான போட்டி நடந்துகொண்டிருக்கிறது. அண்ணாச்சியின் தங்கை மகன் ஆஸ்திரேலியாவில், அடிலெய்டில் இருக்கிறார். மனைவி, 9 வயது மகன், 6 வயது மகளோடு இந்தப் பயணத்துக்காகவே வந்து இறங்கியிருக்கிறார். அவர்கள் சென்ற வருடம் ஜூலை விடுமுறையில் அடிலெய்டிலிருந்து வடக்கே, அந்தக் கண்டத்தின் நட்டநடுச் செம்மண் பாலைக்குள் காரில் போய் முகாம் போட்டுத் திரும்பியவர்கள். 'அவுட்பேக்' என்று சொல்கிறார்களே, அங்கே. எனவே மருமகனும் தன் பங்குக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறார். தலைவிளக்கு, முதலுதவிப் பெட்டி, ஈ மொய்க்காமல் இருக்க முகத்துக்குப் போடும் வலைத்தொப்பி ஆறு. “அங்க ஈ கண்ணுக்குள்ள, மூக்குக்குள்ள வரும் மாமா” என்று தொப்பியைப் போட்டுக் காட்டுகிறார். ஆச்சி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பேசாமல் கொண்டுபோய் அதிரசத் தூக்கின் வாயில் மாட்டினார். கச்சிதமாகப் பொருந்தியது!

மத்தியானம் இதே மருமகனோடும் டிரைவரோடும் நான் ஜி.பி. ரோட்டுக்குப் போய்வந்ததைச் சொல்லியே ஆக வேண்டும். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டைத் தெரியாத வண்டிக்காரர் சென்னையில் இருக்க முடியாது. பீரோ அகலத்துக்குக் கடைகள். வாசலில் ஃபேன் பெல்ட்டுகள் மாலை மாலையாகத் தொங்கும். உள்ளே ஒருவர் ஏணியில் நின்றபடி, பெட்டி பெட்டியாகச் சொருகியிருக்கும் சாமான்களுக்குள் கையை விட்டு, பார்க்காமலே சரியானதை உருவுவார். டிரைவர் வைப்பர் பிளேடும் ஃபேன் பெல்ட்டும் வாங்கினார். மருமகன் கண்ணில் பட்டது கையளவு காற்றடிக்கும் மிஷின், வண்டி பேட்டரியிலேயே ஓடுவது. “இது எதுக்கு சார், ரூட்டு பூரா பங்க்கு கீது, காத்து ஃப்ரீயாவே புடிக்கலாம்” என்றார் புதுப்பேட்டைக்காரரான டிரைவர். மருமகன் சிரித்துக்கொண்டே வாங்கிப் பையில் போட்டார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது மேலே பாருங்கள், வேன் கேரியரில் டிரைவர் நிற்கிறார். பனியன் நனைந்து முதுகோடு ஒட்டிவிட்டது. கீழிருந்து ஆள் மாற்றி ஆள் பொருளை எறிகிறார்கள். அண்டா, ஜல்லிக்கரண்டி, சவுக்குக் கம்பு எட்டு, பாய்ச்சுருள். “இன்னாண்ணா, கடைய அப்டியே பேத்துக்கினு வர்றியா?” என்று அவர் கத்த, “கல்லாப்பெட்டிய மட்டும் விட்டுட்டு வாரேன் தம்பி” என்று அண்ணாச்சி கத்த, தெருவே சிரிக்கிறது. அந்தச் சவுக்குக் கம்புக்கு ஒரு கதை உண்டு. சவுக்கு நம் கடற்கரை மரம் என்றுதானே நினைக்கிறோம்? அதன் தாயகங்களில் ஆஸ்திரேலியாவும் ஒன்று. “அப்போ இது எங்க ஊர் மரம்!” என்று அடிலெய்டுப் பையன் குதித்துக் கம்பை வாங்கி, தானே தூக்கிக் கொடுத்தான்.

ஒன்பதரைக்கு நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டி, பழம் நசுங்க வண்டி நகர்ந்தது. உட்காருவதில் ஓர் அரசியல் உண்டு. வாந்தி எடுப்பவர்கள் முன்னால், கையில் கவரும் புளிப்பு மிட்டாயும். ஜன்னலோரம் பிள்ளைகளுக்கு, திருச்சி வரை ஒரு அணி, அதற்கப்புறம் மற்ற அணி. டிரைவருக்கு நேர் பின்னால் ஆச்சி, மடியில் மஞ்சப்பை. அதற்குள் ஒரு பித்தளைச் செம்பு, திருநீறு, வெற்றிலை. வயது 81. “நான் கல்யாணமாகி ராயப்பேட்டைக்கு வந்த புதுசுல எழும்பூர்ல ரயிலேறுவோம். திருநெல்வேலில எறங்கி பஸ்ஸு, அப்புறம் மாட்டு வண்டி. மணல்ல மாடு இழுக்காது, எறங்கி நடக்கணும். வயித்துல பிள்ளையோட நடந்திருக்கேன்” என்றார் என்னிடம்.

பாரதி சாலையில் ஜாம் பஜாரைத் தாண்டும்போது கடைசியாகக் கொத்தமல்லிக் கட்டு ஒன்று ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. யார் வாங்கினார்கள், யார் காசு கொடுத்தார்கள், தெரியவில்லை. அதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

ராத்திரி வேனுக்குள் நடக்கும் கச்சேரியை வெளியே நின்று பார்க்கிறவர்கள் ஊகிக்கவே முடியாது. விளக்கை அணைத்த பிறகு அங்கே ஒரு தனி உலகம். சுங்கச்சாவடி ஒவ்வொன்றிலும் 'பீப்' என்றதும் பிள்ளைகள் சேர்ந்து எண்ணைக் கத்துகிறார்கள். இரண்டாவது வரிசையில் மதினி அரைத்தூக்கத்திலும் யார் போர்த்தியிருக்கிறார்கள், யார் போர்த்தவில்லை என்று கையால் தடவிப் பார்க்கிறார். மருமகன் மெல்லிய குரலில் கதை சொல்கிறார். ஆஸ்திரேலியாவில் இப்படி இரவில் ஓட்டவே மாட்டார்களாம். பொழுது சாய்ந்தால் கங்காருக்கள் ரோட்டுக்கு வந்துவிடும், இடித்தால் வண்டியும் போச்சு, ஆளும் போச்சு. ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை என்று ஒரே சாலை, போர்ட் அகஸ்டாவிலிருந்து டார்வின் வரை 2,700 கிலோமீட்டருக்கு மேல். வழியில் க்ளென்டாம்போவில் டீசல் போட்டால் அடுத்தது கூபர் பீடியில்தான், நடுவில் 250 கிலோமீட்டருக்கு ஒரு பங்க்கும் இல்லை, ஒரு டீக்கடையும் இல்லை.

“டீக்கடையே இல்லியா?” டிரைவர் கண்ணாடியில் பார்த்தபடி கேட்டார். அவர் குரலில் உண்மையான வருத்தம்.

கூபர் பீடியில் ஓப்பல் கல் தோண்டுகிறவர்கள் வெயிலுக்குப் பயந்து பூமிக்கடியில் வீடு குடைந்து இருக்கிறார்களாம். அந்தப் பாலையில் காட்டு ஒட்டகங்கள் மந்தை மந்தையாகத் திரிகின்றனவாம். அவற்றின் முன்னோர் நம் பக்கத்து ஆட்கள்தான்! 1860-ல் பர்க் என்பவர் தலைமையில், வில்ஸ் என்பவரும் சேர்ந்து கண்டத்தைக் குறுக்காகக் கடக்கக் கிளம்பிய குழுவுக்கு, அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவின் கராச்சியிலிருந்து 24 ஒட்டகங்கள் கப்பலேறின. அதற்குப் பிறகும் ஒட்டகங்களும் அவற்றை ஓட்டத் தெரிந்தவர்களும் போய்க்கொண்டே இருந்தார்கள். எந்த நாட்டிலிருந்து வந்தாலும் எல்லோரையும் 'ஆப்கன்' என்றே அழைத்தார்கள். இன்றைக்கு அடிலெய்டிலிருந்து டார்வின் போகும் 'தி கான்' ரயிலின் பெயர் அதிலிருந்து வந்ததுதான்.

அப்புறம் கைப்பேசியில் படம் காட்டினார். செம்மண் வெளி, நடுவில் ஒற்றைப் பாறை மலை. உலுரு. 348 மீட்டர் உயரம். ஆச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“எய்யா, இது நம்ம தேரில எந்தப் பக்கம்யா?”

வண்டியில் ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. மருமகன் குனிந்து, அது எங்கே இருக்கிறது, அங்கே இருக்கும் அனங்கு மக்களுக்கு அது எவ்வளவு புனிதம், 1985-ல் அந்த நிலம் அவர்களிடமே திரும்பிப் போனது, 2019 அக்டோபரிலிருந்து அதன்மேல் யாரும் ஏறக் கூடாது என்பதையெல்லாம் ஆச்சிக்குப் புரிகிற மாதிரி சொன்னார். “அடிவாரத்தைச் சுத்தி வரலாம் ஆச்சி, பத்துக் கிலோமீட்டர் நடை. நாங்க நடந்தோம்.” ஆச்சி தலையாட்டினார். “சாமி மலையில கால் வைக்கலாமா? சுத்தித்தான் வரணும். கிரிவலம்.” அதோடு கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டார்.

திருச்சி தாண்டி அதிகாலை இரண்டரைக்கு ஒரு டீ. மதுரை தூக்கத்தில் போய்விட்டது. கண் விழித்தபோது கரிசல் காடு, எட்டயபுரம். பாரதி சாலையில் ஏறி, பாரதி பிறந்த ஊரில் பல் தேய்த்தோம்! சாலையோரப் புளியமரத்தடியில் ஜமுக்காளம் விரிந்தது, இலைப்பொட்டலங்கள் பிரிந்தன. ஆறு மணிக் காற்றில், ராத்திரி முழுக்க எண்ணெயில் ஊறிய இட்லி. 150-ல் மிஞ்சியது மூன்று. அதையும் டிரைவர் வாங்கி வைத்துக்கொண்டார்.

இனி ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள், நிறம் மாறிக்கொண்டே வரும். கரிசல் முடிந்து தூத்துக்குடி தாண்டினால் உப்பளம், கண் கூசும் வெள்ளை. முக்காணி பக்கம் தாமிரபரணிப் பாலத்தில் எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். ஆத்தூரில் வெற்றிலைக்கொடிக்கால் பச்சை. புவிசார் குறியீடு பெற்ற வெற்றிலை, ஆச்சியின் பையில் ஒரு கவுளி ஏறியது. ஆறுமுகநேரியில் மறுபடி உப்பு வெள்ளை. திருச்செந்தூரில் கோபுரத்துக்கு வண்டியிலிருந்தபடியே ஒரு கும்பிடு. பிறகு காயாமொழிப் பக்கம் திரும்பியதும், யாரோ குங்குமத்தை மலையாகக் கொட்டிவிட்ட மாதிரி, தேரி!

நான் எழுந்து நின்றுவிட்டேன். அடிலெய்டுப் பையனும் எழுந்துவிட்டான். “அப்பா, அதே கலர்!” என்றான்.

அதே நிறம்தான், காரணமும் அதேதான். மணல்துகள் ஒவ்வொன்றின் மேலும் இரும்பு துருவாகப் படிந்திருக்கிறது. அங்கே உலுருவைச் சுற்றியும் அப்படித்தான். நம் தேரியைக் கட்டியது தென்மேற்குக் காற்று. மலைக் கணவாய்களில் புகுந்து வரும் ஆனி, ஆடிக் காற்று உள்நாட்டுச் செம்மண்ணை அள்ளிவந்து கடலோரத்தில் குவித்தது. காற்றடிக்கிற மாதங்களில் மேடு இடம் மாறும். “போன வருசம் இருந்த வழி இந்த வருசம் இருக்காது” என்றார் அண்ணாச்சி.

சொன்னபடியே ஆயிற்று. கோயிலுக்கு அரைக் கிலோமீட்டர் இருக்கும்போது, தங்கும் இடத்துக்குத் திரும்பிய வேன் புதைந்தது. டிரைவர் ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்கப் பின்சக்கரம் குழி தோண்டியது. எல்லாரும் இறங்கினோம். மணல் அதற்குள் சுட ஆரம்பித்திருந்தது. ஆளாளுக்கு யோசனை. அண்ணாச்சி பனையோலை பொறுக்க ஓடினார். மருமகன் மட்டும் சக்கரத்தடியில் குந்தி, “காத்தை இறக்கணும்” என்றார். “இறக்கிட்டா அப்புறம் மெயின் ரோட்டுக்கு எப்டி சார் போறது?” என்று கேட்ட டிரைவர், கேட்ட வேகத்திலேயே நெற்றியில் அடித்துக்கொண்டார். ஜி.பி. ரோட்டு மிஷின்!

டயரில் காற்றைக் குறைத்தால் அது தட்டையாகப் பரந்து மணலைப் பிடித்துக்கொள்ளுமாம், அவுட்பேக்கில் முதல் பாடமே இதுதானாம். கீழே அண்ணாச்சியின் ஓலைமட்டை, மேலே மருமகனின் காற்றிறங்கிய டயர், பின்னால் பதினைந்து பேரின் கை. நானும் தள்ளினேன்! “ஏலேலோ” என்று யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். மூன்றாவது தள்ளலில் வண்டி ஏறியபோது அள்ளி வீசிய மணலில் எல்லாருக்கும் தலை சிவந்துபோனது. டிரைவர் இறங்கிவந்து மருமகன் கையைக் குலுக்கினார். “சார், நீ நம்ம ஆளு சார்.”

அரை மணி நேரத்தில் ஒரு வீடு முளைத்தது. முந்திரி மரத்துக்கும் உடைமரத்துக்கும் நடுவில் சவுக்குக் கம்பு நட்டு, தார்ப்பாய் இழுத்துக் கட்டி, சேலைகளால் ஒரு தடுப்பு. அடுப்புக்கு மூன்று கல். சுற்றிலும் இதே மாதிரி நூற்றுக்கணக்கான குடும்பங்கள். பெங்களூர், மும்பைப் பலகை எழுதிய வண்டிகள். உங்களுக்கு ஒரு ரகசியம்: ஒவ்வொரு கொட்டகையும் பக்கத்துக் கொட்டகையிடம் எதையாவது கடன் கேட்டே தீரும். எங்களிடம் தீப்பெட்டி கேட்டு ஐந்து பேர் வந்தார்கள். அண்ணாச்சி பண்டலைப் பிரித்து எடுத்துக் கொடுத்தபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்!

இந்தத் தேரிகளில் கற்கால மனிதர்களின் மிகச் சின்னஞ்சிறு கல்லாயுதங்கள் கிடைத்திருக்கின்றன. சாய்னர், ஆல்ச்சின் என்ற இரு ஆய்வாளர்கள் 1956-ல் அவற்றைப் பற்றி விரிவாக எழுதினார்கள். ஆக, இந்த மேட்டில் முதலில் முகாம் போட்டவர்கள் நாங்கள் இல்லை. சமைக்க வந்த இடத்தில் அவர்களும் இப்படித்தான் கல்லைத் தேடியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே நான் பாத்திரம் கழுவினேன், மணலால்.

சாயங்காலம் மதினி என்னையும் பிள்ளைகளையும் தெரிந்த ஒரு பனையேறி குடும்பத்தின் விடிலிக்குக் கூட்டிப்போனார். உங்களை நான் கூட்டிவந்ததே முக்கியமாக இதற்குத்தான். விடிலி என்றால் பருவகாலத்தில் பனங்காட்டுக்குள்ளேயே ஓலையால் போட்டுக்கொள்ளும் குடிசை. குனிந்து நுழைந்தால் புகை, இனிப்பு, வேர்வை மூன்றும் சேர்ந்த ஒரு வாசம். அடுப்பில் பதநீர் கொதிக்கிறது. இங்கே அதைப் 'பயினி' என்றுதான் சொல்கிறார்கள். விடியுமுன் பனையேறி மரமேறி இறக்கியது. புளித்துவிடாமல் இருக்கக் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருப்பார்கள். இறக்கியதைக் காய்ச்சுவது அந்த வீட்டு அக்காவின் வேலை. நுரை பொங்கி எழும்போதெல்லாம் நசுக்கிய ஆமணக்குமுத்தைச் சிட்டிகை போட்டார். பால்மேல் தண்ணீர் தெளித்த மாதிரி நுரை படிந்தது! பாகு இறுகிக் கூப்பனிப் பதம் வந்ததும் எங்களுக்கு ஆளுக்கொரு பனையோலைத்துண்டில் வழித்துக் கொடுத்தார். அதற்கப்புறம் கிண்டிக் கிண்டி, வரிசையாக அடுக்கிய சிரட்டைகளில் ஊற்றினார். ஊற்றும்போது பேச்சே இல்லை, மூச்சுக்கூடக் கவனமாக விட்டார். கையில் பழைய தீக்காயத் தழும்புகள். எத்தனை மணி நேரமாக நிற்கிறீர்கள் என்று கேட்டேன். “கணக்கு யாரு வச்சா? பயினி வத்துற வரைக்கும்தான்” என்றார்.

பதினான்கு வருடமாக நாலாம் நாள் என் கையில் விழுந்த கருப்பட்டித் துண்டு இந்த அடுப்பிலிருந்து வந்ததுதானாம். உடன்குடிக் கருப்பட்டியின் பெயர் எல்லாருக்கும் தெரியும், அதற்கும் புவிசார் குறியீடு உண்டு. இந்த அடுப்புச் சூட்டை நான் அறிந்திருக்கவில்லை. இனிமேல் எங்கள் வீட்டில் கருப்பட்டிக் காபி குடிக்கும்போது ஒரு வாய் மீதம் வைக்கக் கூடாதென்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

இரவு. உத்திரத்துக்கு முந்தின நாள் நிலா, முழுசாக ஒரு சின்ன விளிம்புதான் பாக்கி. நிலவொளியில் தேரி செம்பு நிறத்துக்குப் போய், பிறகு நிறமே தெரியாமல் ஒரு மெத்தை மாதிரி ஆகிவிட்டது. பகலில் சுட்ட மணல் இப்போது குளுகுளுவென்றிருந்தது. எங்கோ மயில் அகவியது. கோயில் பக்கமிருந்து வில்லுப்பாட்டின் மணிச்சத்தம் காற்றில் வந்து வந்து போனது. பாட்டுக்காரர்களின் கொட்டகையை எட்டிப் பார்த்தேன். அடுத்த முறைக்குக் காத்திருந்த உடுக்கைக்காரர் பனியனோடு உட்கார்ந்து பிளாஸ்கில் காபி குடித்துக்கொண்டிருந்தார். குடத்தின் வாயில் அடிக்கும் பத்தியை எடுத்துத் தனக்கே விசிறிக்கொண்டார் குடக்காரர். என்னைப் பார்த்ததும், “வேக்காடு தாங்கல” என்று சிரித்தார்.

காலையில் பொங்கல். வெளியே தெரியும் படம் இதுதான்: பொங்கி வழியும் பானை, குலவை, பட்டுப்பாவாடைச் சிறுமிகள். அந்தப் படத்தின் ஓரத்துக்கு வெளியே பாருங்கள். காய்ந்த பனையோலை சட்டென்று பற்றி சட்டென்று அணையும். அதனால் மதினி அடுப்பை விட்டு ஒரு நொடி நகர முடியாது. கண்ணில் புகை, நெற்றியில் கரி. காற்றுத் திசை மாறும்போதெல்லாம் அண்ணாச்சி ஜமுக்காளத்தைப் பிடித்துக்கொண்டு மதிலாக நிற்கிறார், மாறி மாறி நாலு பக்கமும். முடியிறக்கிக்கொண்ட இரண்டு வயதுப் பேரன் மொட்டைத் தலையில் சந்தனத்தோடு, தன் தலையைத் தானே தடவிப் பார்த்து விம்முகிறான். அவன் அழுகையை நிறுத்தியது ஓர் அதிரசமும் ஈ வலைத்தொப்பியும்.

பானை பொங்கியபோது நானும் குலவையிட்டேன். எனக்குக் குலவையிடத் தெரியும் என்பது அதுவரை எனக்கே தெரியாது!

ஆச்சி சுனைத் தண்ணீருக்காகப் பித்தளைச் செம்பை எடுத்துக்கொண்டார். மழைநீரை வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளும் மணல் இது. பள்ளமான இடங்களில் சுனையாகக் கசியும். மேலப்புதுக்குடியில் இருக்கும் கோயிலில் அய்யனாருக்கு அருஞ்சுனை காத்தவர் என்றே பெயர். இந்தக் குடும்பத்துச் சாமி கற்குவேல் அய்யனார். கார்த்திகைக் கடைசியில் இங்கே கள்ளர்வெட்டு என்று ஒரு திருவிழா. அன்றைக்கு வெட்டுப்படும் இளநீர் சிந்திய மணலை அள்ளிக்கொள்ள ஆயிரக்கணக்கானோர் முந்துவார்கள். அந்த மண் வீட்டில் இருந்தால் காவல் என்று நம்பிக்கை. ஆச்சி ஒரு பிடி மணலை எடுத்துப் பையனிடம் நீட்டினார். அவன் தயங்கினான். “உலுருல மண், கல் எதுவும் எடுக்கக் கூடாதுன்னு சொன்னாங்க. எடுத்துட்டுப் போனவங்க தபால்ல திருப்பி அனுப்புறாங்க” என்றான். ஆச்சி அதை யோசித்துப் பார்த்தார். “அந்தச் சாமிக்கு அது முறை. நம்ம சாமிக்கு இதுதான் திருநீறு, பூசிக்கோ” என்று அவன் நெற்றியில் இழுத்துவிட்டார்.

சனிக்கிழமை காலை ராயப்பேட்டை. இறங்கியதும் வேலை தொடங்கிவிட்டது. அண்டாக்கள் வாடகைக்கடைக்குப் போயின. தார்ப்பாயை இரண்டு பேர் உதறினார்கள், தெருவில் ஒரு சிவப்பு மேகம். வாட்டர்வாஷுக்குப் போன வேனிலிருந்து வழிந்த தண்ணீர் செம்பருத்தி நிறத்தில் ஓடியதாம், டிரைவர் படம் எடுத்து அனுப்பினார். அண்ணாச்சி கணக்கு நோட்டைத் திறந்து 'மறந்தவை' பக்கத்தில் 'நகவெட்டி' என்று எழுதினார். அதற்குக் கீழே, தலைப்பு எதுவும் இல்லாமல், 'காத்து மிஷின் – கட்டாயம்.'

மருமகன் குடும்பத்துக்கு அடுத்த வாரம் விமானம். ஆஸ்திரேலியாவுக்குள் மண் கொண்டுபோகக் கூடாது, காலணியில் ஒட்டியிருந்தால்கூட விமான நிலையத்தில் நிறுத்திக் கேட்பார்கள். அதனால் பையன் முற்றத்துப் படியில் உட்கார்ந்து, பழைய பல்துலக்கியால் ஷூவின் அடியைத் தேய்த்துக்கொண்டிருந்தான். குழாயைத் திறக்கப் போனபோது ஆச்சி உள்ளேயிருந்து வந்தார். “இரு, இரு.” ஒரு செய்தித்தாளை விரித்தார். “இதுல தட்டு.” அவன் ஒரு ஷூவைத் தட்டினான், பிறகு மற்றதை. இரண்டு ஸ்பூன் அளவு தேரி. ஆச்சி தாளை மடித்து, ஒரு கையால் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, மாடியில் துளசித்தொட்டி இருக்கும் பக்கம் மெல்ல ஏறிப்போனார். பையன் வெறுங்காலோடு பின்னாலேயே ஓடினான்.